சிவந்தி ஜெயித்ததும் அவள் அப்பா முறை கேட்டதும்

சிவந்தி தேசியப் போட்டிக்குத் தேர்வாகாமல் போயிருப்பாள். காரணம் எதிராளிகள் இல்லை, கீழே விழுந்து கையை உடைத்துக்கொண்டதும் இல்லை. அவளுடைய அப்பா கிருஷ்ணப்பன் ரொம்ப நல்லவர், அதுதான் காரணம். இது புரிய வேண்டுமானால் இரண்டு விஷயங்களை முதலில் சொல்ல வேண்டும். ஒன்று சிவந்தி ஓட்டுகிற சைக்கிள். இன்னொன்று எங்கள் குப்பத்தில் இறால் பிடிக்கிற வழக்கம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த சைக்கிளுக்கு பி.எம்.எக்ஸ் என்று பெயர். சக்கரம் சின்னது, எட்டு வயதுப் பையன் ஓட்டுகிற அளவு. சீட்டு முழங்கால் உயரத்தில் இருக்கும், ஆனால் பந்தயத்தில் யாரும் அதில் உட்கார மாட்டார்கள். கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெல் இல்லை, மட்கார்டு இல்லை. பிரேக் ஒன்றே ஒன்று, அதுவும் பின்னால். எட்டுப் பேர் ஒரு மண் மேட்டின் உச்சியில் வரிசையாக நிற்பார்கள். சக்கரத்துக்கு முன்னால் இரும்புத் தடுப்பு இருக்கும். அது விழுந்ததும் பாய வேண்டும். மேடு, பள்ளம், இன்னொரு மேடு, சுவர் மாதிரி சாய்ந்த வளைவு, மறுபடி வரிசையாக மேடுகள். முக்கால் நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒரு டீ ஆறுவதற்குள் சாம்பியன் யார் என்று தெரிந்துவிடும்.

சிவந்தியின் அம்மா பூவம்மா இந்த சைக்கிளை முதன்முதலில் பார்த்தபோது அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு கேட்டார்.

"கேரியர் எங்கடி?"

"இதுக்குக் கேரியர் கெடையாதுமா."

"அப்ப எறா கூடைய எங்க வெப்ப? உங்க நைனா தலையிலயா?"

இப்போது இறால் விஷயம். கொசஸ்தலை ஆறு கடலில் விழுகிற முகத்துவாரத்தில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் வலையோடு வலை சிக்கும், அப்புறம் மண்டையோடு மண்டை மோதும். அதனால் முறை வைத்திருக்கிறோம். இன்றைக்கு இந்த வீடுகள், நாளைக்கு அந்த வீடுகள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். உன் பாடு வருகிற நாளில் நீ வலை கட்டலாம், ஒருவரும் குறுக்கே வர மாட்டார்கள். பாடு இல்லாத நாளில் இறால் துள்ளி உன் மடியில் விழுந்தாலும் நீ வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அடுத்தவன் பாடு வருகிற நாளில் வலை போட்டவனை ஊர் மறக்காது. அவன் பேரனுக்குப் பெண் கேட்கப் போகும்போதுகூட யாராவது ஒருவர் அதை எடுத்துச் சொல்வார்.

கிருஷ்ணப்பனுக்கு இந்தப் பாடு முகத்துவாரத்தோடு முடிந்துவிடாது. உலகமே முறைப்படி நடக்க வேண்டும் என்று நினைப்பவர் அவர். முடி வெட்டும் கடையில் அவர் முறை வரும்போது பின்னால் யாராவது கடிகாரத்தைப் பார்த்தால் போதும், "நீ வேலைக்கிப் போறவன், நீ குந்து நைனா" என்று எழுந்துவிடுவார். அப்படி எழுந்து எழுந்தே, போன தலையோடு வீடு திரும்பிய நாட்கள் உண்டு. திருவொற்றியூர் பஸ் ஸ்டாப்பில் எல்லோரும் ஏறட்டும் என்று ஒதுங்கி நிற்பார். எல்லோரும் ஏறியதும் பஸ் போய்விடும்.

அவருக்குப் பிறந்த சிவந்தி எந்த வரிசையிலும் நின்றதே இல்லை. பள்ளியில் நாங்கள் ஒரே வகுப்பு. மணி அடிப்பதற்கு முன்பே அவள் பை தோளில் இருக்கும். காலையில் அப்பா பிடித்த இறாலை ஐஸ் வண்டி நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோவது அவள் வேலை. அந்த வழியில் மின்நிலையத்திலிருந்து சாம்பல் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் குறுக்கே கிடக்கும். வண்டி ஏறி இறங்குவதற்காக அவற்றின் மேல் மண்ணைக் கொட்டி மேடு ஆக்கியிருப்பார்கள். மற்றவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். சிவந்தி பழைய லேடீஸ் சைக்கிளில், பின்னால் கூடையோடு, அந்த மேடுகளைத் தாண்டிக் குதிப்பாள். கூடையில் இருந்த இறாலும் குதிக்கும். அந்தப் பாதையில் இருக்கிற காக்கைகள் எல்லாம் அவளுக்காகவே காத்திருக்கும்.

"இந்த எறா வெயில்ல சாவல, பயத்துல செத்துகீது" என்று ஐஸ் வண்டிக்காரர் சொல்வார்.

அவளுக்கு பி.எம்.எக்ஸ் சைக்கிளைச் செய்து கொடுத்தவள் இஷ்ரத். தண்டையார்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் கலீலுல்லாவின் மகள், எங்களோடு படித்தவள். அவள் துப்பட்டாவில் எப்போதும் எங்காவது ஓர் இடத்தில் கிரீஸ் இருக்கும். எர்ணாவூரில் பழைய கன்டெய்னர்கள் அடுக்கிவைத்திருந்த ஒரு மைதானத்தைச் சீர்செய்து, ஒரு கம்பெனி பிள்ளைகளுக்காக மண் தடம் போட்டிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். கப்பலில் வேலை பார்த்த ஒருவர் தன் மகனுக்கு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன சைக்கிள், மகன் பைக்குக்கு மாறியதும் கலீலுல்லாவின் கடைப் பரணில் வந்து கிடந்தது. அதை இறக்கித் துடைத்து, துருவைத் தேய்த்து, கிடைத்த சாமானைப் போட்டு இஷ்ரத் ஒப்பேற்றினாள்.

கலீலுல்லாவுக்குப் பயம். "ரெண்டு பிரேக்கு இருக்கறவனே ட்ரெய்லருக்குக் கீய போறான். ஒத்த பிரேக்க வெச்சிகினு அந்தப் பொண்ணு இன்னாம்மா பண்ணும்?"

"நீ வேற அத்தா. அவ அந்த ஒண்ணையே புடிக்க மாட்டா."

ஆனால் முதல் பந்தயத்தில் பிடித்துவிட்டாள். அங்கேதான் அவளுடைய பந்தய வாழ்க்கை தொடங்கியது, தொடங்கிய இடத்திலேயே நின்றது. மேட்டின் உச்சியில் எட்டுப் பேர். ஒலிபெருக்கியில் பீப் பீப் என்று சத்தம், விளக்கு மாறியது, முன்னால் இருந்த தடுப்பு படாரென்று விழுந்தது. ஏழு பேர் பாய்ந்தார்கள். சிவந்தி பிரேக்கைப் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, இடதும் வலதும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து கும்மிடிப்பூண்டி லைன் ரயில்வே கேட்டைப் பார்த்து வளர்ந்தவள். தடுப்பு கீழே வந்தால் நிற்க வேண்டும் என்பது அவள் உடம்புக்கே தெரிந்த பாடம்.

"அடியே! ரயிலா வருது? போடி!" என்று இஷ்ரத் கத்திய பிறகுதான் கிளம்பினாள். அப்படியும் மூன்றாவதாக வந்தாள். அடுத்த பந்தயத்தில் நிற்கவில்லை. முதலில் வந்தாள். அதற்கு அடுத்ததிலும் முதலில் வந்தாள். பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஒரு வருஷத்துக்குள் மாவட்டத்தில் அவளை முந்த ஆள் இல்லை. கோயம்புத்தூருக்குப் போய் மாநிலப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

எங்கள் குப்பத்தில் கோப்பையை வாங்கி உள்ளே பார்த்தார்கள். "இதுல எவ்ளோ தண்ணி புடிக்கும்?" என்று ஒருவர் கேட்டார். பூவம்மா அதில் புளி போட்டு வைத்தார். மூன்றாவது கோப்பையில் மிளகாய்த்தூள்.

எல்லாப் பந்தயத்திலும் இரண்டாவதாக வந்தவள் ஒரே ஆள், வியாசர்பாடி மகிழினி. சிவந்தியைவிட ஒரு பிடி உயரம், நீல ஹெல்மெட். அவளுடைய அம்மா செங்கொடி ஏற்றுமதி கம்பெனியில் தையல் வேலை செய்பவர். மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், மைதானத்தின் இந்த மூலையில் பேசினால் அந்த மூலையில் கேட்கும். கிருஷ்ணப்பன் எப்போதும் செங்கொடிக்குப் பக்கத்தில் போய் உட்காருவார். கையில் ஒரு டப்பாவில் இறால் வறுவல் இருக்கும்.

"இன்னா தங்கச்சி, இன்னிக்கும் ரெண்டாவதா?"

"அத்த வேற வாய்விட்டுக் கேக்கணுமாண்ணே? பாத்துகினு தானே கீறீங்க?"

"மனசுக்குக் கஷ்டமா கீதும்மா. இந்தா, ரெண்டு எறா துன்னு."

"ஒவ்வொரு வாட்டியும் உங்க பொண்ணு கெலிக்குது, நீங்க எறா குடுக்குறீங்க. எனக்கு இப்பல்லாம் எறா வாசன வந்தாலே தோத்த மாறி கீது."

செங்கொடி சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கிருஷ்ணப்பன் அதை அப்படியே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். போதாததற்கு டீக்கடையில் ஒருவர் விளையாட்டாக, "இன்னா கிருஷ்ணப்பா, உன் பொண்ணு உடாம அதே பாட்டக் கட்டிகினு கீது போல? மத்தவங்களுக்கு வயிறு இல்லயா?" என்று கேட்டார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். கிருஷ்ணப்பன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ஊரில் இதுவரை அவர் மேல் அப்படி ஒரு சொல் வந்ததில்லை.

தேசியப் போட்டிக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெண்தான் போக முடியும் என்று அறிவிப்பு வந்தது. அந்த ஒருத்தி யார் என்பதற்கான பந்தயம் எர்ணாவூர் மைதானத்திலேயே நடந்தது. சிவந்திக்கு அது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். அவள் பிளஸ் டூவோடு நின்றுவிட்டவள். தேசியப் போட்டிக்குப் போனால் ரயில்வேயில் விளையாட்டு வீரர்களுக்கான வேலைக்குக் கேட்கலாம். போகாவிட்டால் ஐஸ் வண்டிக்கு இறால் கூடை. அவள் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. யாராவது பேச்சுக் கொடுத்தால் "அப்பால, அப்பால" என்று மட்டும் சொன்னாள்.

அன்று காலை மைதானத்துக்கு வெளியே வழக்கம்போல் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. விடிந்ததிலிருந்து அந்த வரிசை ஓர் அடி நகரவில்லை. உள்ளே மூன்று சுற்று முடிந்து, எட்டுப் பேர் இறுதிப் பந்தயத்துக்கு வந்திருந்தார்கள். சிவந்தியும் மகிழினியும் அதில் இருந்தார்கள். சாமியானா பந்தலில் சைக்கிள் சங்கத் தலைவர் சங்கரநாராயணன் உட்கார்ந்திருந்தார். அறிவிப்பு செய்கிறவர் மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டு மோர் குடிக்கப் போயிருந்தார். மைக்கை அணைக்கவில்லை.

கிருஷ்ணப்பன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மேஜைக்குப் போனார். அடுத்து அவர் பேசியதெல்லாம் மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த அத்தனை ஒலிபெருக்கியிலும் வந்தது.

"சார், ஒரு சின்ன விசயம். சிவந்தி என் பொண்ணு. எப்பவும் அதுதான் கெலிக்குது."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம். வாழ்த்துகள்."

"சந்தோஷம்லாம் இருக்கட்டும் சார். அது நியாயமா? அந்த வியாசர்பாடி பொண்ணு எத்தினி நாளா வந்துகினு கீது. இந்த வாட்டி அதுக்கு உட்டுர்லாம். அடுத்த வாட்டி எங்க பொண்ணு. அதுக்கப்பால அந்த மூக்குத்திப் பொண்ணு. எல்லாரும் முறை வெச்சிக்கலாம். எங்க பொண்ணு கைல நான் சொல்லிட்றேன், கொஞ்சம் மெதுவா வான்னு. நீங்க உம்முன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

வெளியே ஒரு லாரி டிரைவர் மட்டும் ஹார்ன் அடித்தார். அப்புறம் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து பூவம்மாவின் குரல் வந்தது. அதற்கு மைக் தேவைப்படவில்லை.

"யோவ்!"

சங்கரநாராயணன் எழுந்து நின்றுவிட்டார். முகமெல்லாம் வியர்வை. பந்தயத்தின் முடிவை முன்கூட்டியே பேசி வைத்தால் அந்த வீராங்கனையை விலக்க வேண்டும் என்பது விதி. அதுவும் இங்கே ரகசியமாகக்கூடப் பேசவில்லை. இறுதிப் பந்தயத்தை நிறுத்திவைத்துவிட்டு அங்கேயே விசாரணை என்று அறிவித்தார். இந்த முறை மைக்கை வேண்டுமென்றே பயன்படுத்தினார்.

பந்தலுக்குள் சிவந்தி, மகிழினி, செங்கொடி, கிருஷ்ணப்பன் எல்லோரையும் கூப்பிட்டார்கள். இஷ்ரத்தும் நாங்களும் பந்தல் துணியை ஒட்டி வெளியே நின்றோம். சங்கரநாராயணனுக்குப் பக்கத்தில் சங்கத்தைச் சேர்ந்த இன்னொருவரும் இருந்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்குப் பின்னால யார் இருக்காங்க?"

கிருஷ்ணப்பன் திரும்பிப் பார்த்தார். "என் சம்சாரம் சார். கோவமா நின்னுகினு கீது."

"எதுக்காக உங்க பொண்ணு தோக்கணும்னு கேட்டீங்க?"

"தோக்கணும்னு எங்க சார் கேட்டேன்? முறை தானே கேட்டேன்?"

பிறகு அவர் பாடு என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தார். மேஜையில் இருந்த தட்டை இழுத்து, "இது கடலு" என்றார். தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து, "இது ஆறு." பிஸ்கட்டுகளைப் படகு மாதிரி ஒவ்வொன்றாக அடுக்கி, "இதெல்லாம் போட்டு. இன்னிக்கு இந்தப் போட்டு, நாளிக்கு அந்தப் போட்டு" என்று காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த சங்கத்துக்காரர் யோசனையில் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்துவிட்டார்.

"சார், அது எங்க மச்சான் போட்டு" என்றார் கிருஷ்ணப்பன் வருத்தமாக.

அப்போது செங்கொடி பேசினார். பந்தல் துணி ஆடியது.

"அண்ணே, எறா குடுத்தீங்க, துன்னேன். அத்தோட நிறுத்திக்கணும். என் பொண்ணு இன்னா, கெலிக்கிறத உங்ககிட்ட கையேந்திகினு கேட்டாளா?"

மகிழினி கிருஷ்ணப்பனைக் கண்டுகொள்ளவில்லை. நேராகச் சிவந்தியைப் பார்த்தாள். "நீ மெதுவா வந்தன்னு எனக்குத் தெரிஞ்சிது, பின்னாடியே வந்து இடிப்பேன்."

"நான் எதுக்குடி மெதுவா வரப் போறேன்?" என்றாள் சிவந்தி. ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். சங்கரநாராயணன் விதிப்புத்தகத்தில் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டால் தன் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் அழுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் அப்பாவிடம் திரும்பினாள்.

"நைனா, உன் பாடு வர்ற அன்னிக்கு நீ பாதி வலையா கட்டுவ?"

"ஏன் பாதி கட்டணும்? பாட்டன்னிக்குப் பாதி கட்னா ஊரே காறித் துப்பும். முறைய மதிக்கலன்னு அர்த்தம்."

"எவனாவது பாட்டன்னிக்குத் தூங்கிட்டான்னா?"

"தூங்குனா பூச்சு. அவனுக்காக ஆறு நிக்குமா?"

"இங்க எட்டு பேரு கீறோம். மேல நிக்கிறதுக்கு ஆளுக்கொரு கோடு. அந்தக் கோடு எப்டிக் குடுத்தாங்க தெர்யுமா? சீட்டு குலுக்கிக் குடுத்தாங்க. எட்டு பேருக்கும் இன்னிக்கு, இதே நேரத்துல பாடு. என் கோட்டுல நான் முழு வலை கட்டணுமா வோணாமா?"

கிருஷ்ணப்பன் யோசிக்கும்போது கீழ் உதட்டை இழுத்துக்கொள்வார். நீண்ட நேரம் இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு சங்கரநாராயணனைப் பார்த்துக் கேட்டார்.

"சீட்டு குலுக்குனீங்களா சார்?"

"ஆமாங்க. எப்பவும் குலுக்கித்தான் குடுப்போம்."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான்."

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்? இத்தினி நாளு நான் தூக்கம் இல்லாம கெடந்தேன்!" என்று அவர் சங்கரநாராயணனைத் திட்ட ஆரம்பித்தார். சங்கரநாராயணன் "மன்னிச்சுக்குங்க" என்றே சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான், யார் யாரை விசாரித்துக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். புத்தகத்தை மூடினார். யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆகவே சிவந்தி ஓட்டலாம். ஆனால் அவளுடைய அப்பா பந்தயம் முடியும்வரை மைதானத்துக்குள் இருக்கக் கூடாது. இதுதான் தீர்ப்பு.

"நியாயமான தீர்ப்பு" என்று பாராட்டிவிட்டு, கிருஷ்ணப்பன் தானாகவே வெளியே நடந்தார்.

வெளியே மதிலை ஒட்டி ஒரு ட்ரெய்லர் நின்றது. டிரைவர் அஜின், மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"எண்ணே, மைக்குல பேசினது நீங்கதானா? வாங்க, வந்து வண்டிக்க மேல கேறி நில்லுங்க. காலத்தேருந்து இது அனங்கவே இல்ல. மேல நின்னா உள்ள எல்லாம் தெரியும்."

கிருஷ்ணப்பன் லாரியின் முன்பக்கக் கூரைமேல் ஏறினார். உண்மையிலேயே எல்லாம் தெரிந்தது. மண் மேடு, எட்டு ஹெல்மெட்டுகள், மூன்றாவது கோட்டில் சிவந்தியின் சிவப்பு, ஐந்தாவது கோட்டில் மகிழினியின் நீலம். பீப் பீப் என்று சத்தம் வந்தது. தடுப்பு விழுந்தது.

அதே நொடியில் லாரி வரிசையும் நகர்ந்தது.

"அண்ணே, கெட்டியா பிடிச்சிக்கிடுங்க! வண்டி எளகுது!"

அவர் "நிறுத்துப்பா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் விடிந்ததிலிருந்து காத்திருந்து இப்போதுதான் அஜினுக்கு வழி கிடைத்திருக்கிறது. நிறுத்தினால் பின்னால் இருக்கிறவன் நுழைந்துவிடுவான். இது அஜினின் முறை. கிருஷ்ணப்பன் வாயை மூடிக்கொண்டார். துறைமுகத்தைப் பார்த்துப் போகும் லாரியின் மேல், மைதானத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு போனார். முதல் வளைவில் நீலம் முன்னால் இருந்ததைப் பார்த்தார். சிவப்பு இரண்டாவது. அப்புறம் ஒரு கிடங்கின் சுவர் குறுக்கே வந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

சுவருக்கு இந்தப் பக்கம் நடந்ததை நாங்கள் பார்த்தோம். இரண்டாவது வளைவிலும் மகிழினிதான் முன்னால். அவள் அன்று ஓட்டியதைப் போல் அதற்கு முன் ஓட்டியதில்லை. கோபம் அவளைத் தள்ளியது. செங்கொடி பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தியதில் எனக்கு இடது காது அடைத்துக்கொண்டது. கடைசியில் வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள். மற்றவர்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்க, சிவந்தி சாம்பல் குழாய் மேடுகளில் செய்ததுபோல் இரண்டு இரண்டாகத் தாண்டினாள். பின்னால் கூடை இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். கோட்டைத் தொடும்போது இரண்டு சைக்கிளும் ஒன்றாகத்தான் தெரிந்தன. சங்கத்துக்காரர்கள் செல்போனில் எடுத்த படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு டயரின் தடிமன் இடைவெளியில் சிவந்தி ஜெயித்திருந்தாள். இஷ்ரத் அந்த டயரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். வாயெல்லாம் மண்.

கிருஷ்ணப்பனுக்கு எதுவும் தெரியாது. லாரி அடுத்து நின்ற இடத்தில் இறங்கி, வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தே திரும்பி வந்தார். மைதானத்து வாசலில் முதலில் எதிரே வந்தவர் செங்கொடி. கேட்கலாமா வேண்டாமா என்று கிருஷ்ணப்பன் தயங்கினார். செங்கொடி தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்கண்ணே, வடகறி. இன்னிக்கு நான் செஞ்சிகினு வந்தேன். துன்னுங்க."

கிருஷ்ணப்பன் டப்பாவைப் பார்த்தார். எல்லாப் பந்தயத்திலும் ஜெயித்த வீட்டுக்காரர்தான் டப்பாவை நீட்டுவது வழக்கம். ஆக மகிழினி ஜெயித்துவிட்டாள். அவர் கேட்டது நடந்துவிட்டது. அவர் சிரிக்கப் பார்த்தார். முகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. டப்பாவைக் கையில் வாங்கியவர் மூடியைத் திறக்கவில்லை.

"சந்தோஷம் தங்கச்சி" என்றார். "உன் பொண்ணு... ரொம்ப நாளா வந்துகினு... ரொம்ப சந்தோஷம்." கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "தூசி. லாரித் தூசி" என்றார்.

செங்கொடி அவரைக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க விட்டார். அவசரமே படவில்லை.

"இன்னாண்ணே, எறங்கலியா? தொண்டையில நிக்குதா? எனக்கும் அப்டித்தான் நின்னுகினு இருந்திது. உங்க பொண்ணு தான் கெலிச்சிது, போங்க. போய்ப் பாருங்க. நான் சும்மாத்தான் குடுத்தேன். தோத்தவ கையில வடகறி இருக்கக் கூடாதா?"

கிருஷ்ணப்பன் ஓடினார். அவர் ஓடி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வாசலில் வெளியே வந்துகொண்டிருந்தவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, ஒருவருக்கும் வழிவிடாமல், மண் தடத்தின் மேலேயே ஏறிக் குறுக்கே ஓடினார். வடகறி டப்பா கையிலேயே இருந்தது.

தேசியப் போட்டி நடந்த ஊருக்கு அவரும் போனார். அன்று அவருடைய பாடு வருகிற நாள். டீக்கடையில் அவரைக் கேலி செய்தவர்தான் தன்னுடைய முறையை மாற்றிக் கொடுத்தார். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. பந்தயம் தொடங்குவதற்கு முன் கிருஷ்ணப்பன் அதிகாரிகளின் மேஜையை நோக்கி எழுந்ததும் பூவம்மா அவர் துண்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். கிருஷ்ணப்பன் இஷ்ரத்தை அனுப்பினார். இஷ்ரத் போய் இந்தியில் கேட்டுவிட்டு வந்தாள்.

"மாமா, சீட்டு குலுக்கிட்டாங்களாம்."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான்."

"அப்ப செரி" என்று அவர் இறால் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். சிவந்தி அன்று மூன்றாவதாக வந்தாள். ரயில்வே வேலைக்கு அது போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். முதலில் வந்த பெண்ணின் அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பெரிய மீசைக்காரர். கிருஷ்ணப்பன் டப்பாவைத் திறந்து அவர் முன்னால் நீட்டினார். மீசைக்காரர் தான் சைவம் என்று சைகையில் சொன்னார். கிருஷ்ணப்பன் அந்த இறாலை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"பரவால்ல. அடுத்த வாட்டி எங்க பொண்ணு கெலிச்சா, நீ எதுனா கொண்ணாந்து எனக்குக் குடுக்குற மாறி இருக்கும்" என்று தமிழிலேயே அவரிடம் சொன்னார்.